பார்பரா அக்கா வெட்டிய ஆர்க்கிட்

மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் மகேனின் விடுதி இருக்கிறது. ஆறு மர வீடுகள். வருகிறவர்கள் மூன்று நாள் தங்கி, வழிகாட்டியோடு காட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். எனக்கு அங்கே சமையல் வேலை. பார்பரா அக்கா அறைகளைச் சுத்தம் செய்ய வந்தவர். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் தேயிலைத் தோட்டத்தில் களை வெட்டியிருக்கிறார்.

இலையோடு இலையாக ஒட்டியிருக்கும் பச்சைப் பாம்பை நாங்களெல்லாம் தாண்டிப் போய்விடுவோம். அக்காதான் நின்று காட்டுவார். அந்தக் கண்ணுக்காகவே மகேன் அவரை வழிகாட்டியாகப் பழக்கினார். போன மார்ச்சில் முதல் தடவையாக விருந்தினரை அவரிடம் தனியாக ஒப்படைத்தார்.

“இவங்க சந்தோஷமாப் போனா இனிமே நீங்கதான் கைடு. இல்லன்னா பழையபடி ரூம் வேலைதான் அக்கா” என்றார்.

வந்தவர்கள் ஈப்போவைச் சேர்ந்த ரஞ்சிதமும் அவர் கணவரும். ரஞ்சிதம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் தாதிகளைக் கூப்பிடும் பழக்கத்தில் அக்கா அவரை மிஸ்ஸி என்றே கூப்பிட்டார். மகேன் அனுப்பிய ஒரு படம்தான் அவர்களை இழுத்து வந்தது. கரும்பச்சை இலையில் பொன் கம்பி போல நரம்புகள், நடுவில் ஒரு தண்டு, அதில் வெள்ளைப் பூ. பாதையோரத்துப் பெரிய பாறைக்குப் பக்கத்தில் பூத்திருந்த காட்டு ஆர்க்கிட். அக்காவும் அதைப் போனில்தான் பார்த்திருந்தார்.

முதல் நாள் பாசிக்காட்டில் நன்றாகவே போனது. இரண்டாம் நாள், விருந்தினர் தேநீர் குடிப்பதற்குள் அக்கா பாராங்கத்தியோடு போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு எல்லாரும் கிளம்பினோம். நான் சாப்பாட்டுப் பையோடு பின்னால் நடந்தேன்.

“தோட்டத்து ரோடு மாதிரில்ல இருக்கு. காடு எங்கம்மா?” என்று மிஸ்ஸியின் கணவர் சிரித்தார்.

அப்போதுதான் கவனித்தேன். பாதையின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரம் வரை ஒரு செடி மிச்சமில்லை. தேயிலை நிரையைப் போல அவ்வளவு சுத்தம்.

பாறைக்குப் பக்கத்தில் பூ இல்லை. அக்கா போனைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, காலையில் வெட்டி ஒதுக்கிய குவியலைக் கிளறி ஒரு செடியை எடுத்தார். சுட்டுவிரல் நீளம். வாடிய இலையில் பொன் நரம்பு. படத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்த செடி அதுதான்.

“பன்னி தின்னுருச்சின்னு சொல்லிருங்கக்கா” என்று அவர் காதில் சொன்னேன். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அக்கா எழுந்து, செடியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“மிஸ்ஸி, நீங்க பாக்க வந்த பூ இதான். காலையில நான்தான் வெட்டிட்டேன். களைன்னு நெனச்சேன்.”

மிஸ்ஸி வாங்கிப் பார்த்தார். வாடிய இலையை விரலால் நிமிர்த்தினார்.

“இவ்வளவு தூரம் வந்து களையப் பாத்தோம்னு சொன்னா, ஈப்போவுல ஒருத்தனும் நம்ப மாட்டான்” என்றார் கணவர். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா மறுபடி குனிந்து, வெட்டின இடத்தில் பாசியை விலக்கினார். “வேரு போகல, திரும்பத் தழையும்” என்றார். “ஒத்தையா மொளைக்கிற செடி இல்ல இது. கொஞ்சம் இருங்க லா.”

கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு, பாறைக்கு மேலே ஈரச் சரிவில் கையை ஊன்றி ஏறினார். களைக்காக ஒரு தோட்டத்தையே அலசிய கண் அது. அரை மணி நேரம் கழித்து மேலிருந்து கூப்பிட்டார்.

“மிஸ்ஸி, மெதுவா வாங்க. காலைப் பாத்து வைங்க.”

மூன்று செடிகள். பூ இல்லை. ஒன்றில் மட்டும் அரிசி அளவு மொட்டுகள். மிஸ்ஸி ஈரத்தில் குப்புறப் படுத்து, கன்னத்தைப் பாசியில் வைத்துப் பார்த்தார்.

“இது எப்ப விரியும்?”

“ரெண்டு வாரம் ஆகும்.”

“அப்ப ரெண்டு வாரத்துல வரேன். அதுவரைக்கும் நீ கத்தியத் தொடாதே.”

மூன்றாம் நாள் அவர்கள் கிளம்பும்போது, மகேன் கேட்பதற்கு முன்பே அக்கா நடந்ததைச் சொல்லிவிட்டார். மகேனின் முகம் சுருங்கியது. மிஸ்ஸி காரில் ஏறாமல் நின்றார்.

“மறுபடி வரோம், தம்பி. இவங்களே கூட்டிட்டுப் போகணும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தவர்களையும் அக்காதான் அழைத்துப் போனார். பாராங்கத்தி என் அடுப்படி ஆணியில் தொங்கியது. பாதையோரம் புல் தலைநீட்டிய இடங்களில் எல்லாம், வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நடந்தார்.