அடுத்த அறைக்குக் கேட்காதது

மட்டக்களப்பில் ஒரு இசைக்கருவிக் கடைக்கு எதிரே, உச்சி வெயிலில், மின்கம்பத்தின் அருகே நின்று கையை உயர்த்துவதும் இறக்குவதுமாக இருந்த பெண் நான்தான். அபாயாவும் கைப்பையுமாக நடுவயதுக்காரி ஒருத்தி அப்படி நின்றால் சனம் என்ன நினைக்கும்? இரண்டு ஆட்டோக்காரர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறேன் என்று வந்து நிறுத்திவிட்டு, முறைத்துவிட்டுப் போனார்கள். கடைக்குள்ளே என் காக்கா கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார். வெளியூர்க்காரர்கள் காகம் என்று எண்ணிவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்த அண்ணனைக் காக்கா என்போம். சத்தம் றோட்டுக்குக் கேட்டால் கையை உயர்த்த வேண்டும், கேட்காவிட்டால் இறக்க வேண்டும். அதுதான் அன்றைக்கு அவர் எனக்குத் தந்த உத்தியோகம். இந்த உத்தியோகத்தை நான் மிகவும் திறமாகச் செய்தேன் என்பதுதான் இப்போது என் நெஞ்சை அறுக்கிறது.

எங்கள் கரையில் ஆண்களுக்குச் சொந்த வீடு என்று ஒன்று கிடையாது. பிறந்து வளர்வது உம்மாவின் வீட்டில். கலியாணம் முடித்தால் பெஞ்சாதியின் வீட்டில். வீடு பெண்ணுக்குத்தான். அதைக் கட்டிக் கொடுக்க வாப்பா இல்லாவிட்டால் அந்தப் பாரம் காக்காவின் தலையில் விழும். எங்கள் வாப்பா கண்ணை மூடி மௌத்தானபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். காக்கா கட்டாருக்குப் போய் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்து, சாய்ந்தமருதில் எனக்கு இந்த வீட்டைக் கட்டினார். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக் கலியாணம் செய்து வைத்த பிறகுதான் தானும் முடித்தார். பிள்ளை இல்லாமலே அவருடைய பெஞ்சாதி மௌத்தானார். அந்த வீடு பெஞ்சாதியின் தங்கச்சிக்குப் போனது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, முறை அதுதான். ஆகவே ஐம்பத்து மூன்று வயதில், வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்த காக்கா, பெட்டியும் படுக்கையுமாக இறங்கியது என் வீட்டு வாசல் படலையில். பெட்டியோடு கறுப்பு உறைக்குள் நீளமாக இன்னொன்றும் இறங்கியது. "கட்டாருக்குப் போன மனிசன் கிட்டாரோட வந்திரிக்கார்" என்று தெருவில் ஒரே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் பள்ளிவாசல் நிருவாகத்தில் மரைக்கார். அதாவது, தெருவில் யாருக்காவது ஒரு பிரச்சினை என்றால் தீர்ப்புக் கேட்டு வருவது எங்கள் வீட்டுக்கு. வாத்தியமே ஆகாது என்று சொல்கிற ஊரில், அந்த வீட்டிலிருந்து கிட்டார் சத்தம் வந்தால் சும்மா விடுவார்களா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் காக்காவே கதையை எடுத்தார்.

"தங்கச்சி, நான் இத வாசிக்கிறது உனக்குச் சங்கடமெண்டா சொல்லு. கல்முனையில ஒரு அறை எடுத்துக்கிட்டுப் போறன். கோவிச்சுப் போறல்ல, சந்தோசமாப் போறன்."

"என்ன கதை கதைக்கிறீங்க காக்கா? நீங்க கட்டின வீட்ட விட்டு நீங்க போய் அறை எடுத்து இருக்கிறதா? என்ட முகத்துல ஆரு முழிப்பாங்க?"

"அப்ப வாசிக்கலாம்?"

"வாசிங்க. ஆனா சத்தம் வராம வாசிங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கால்ல தண்ணி படாம கரவலை இழுக்கச் சொல்றாய். சரி, பாப்பம். அதுக்கும் ஒரு சாமான் இரிக்கும்."

அவர் கொண்டுவந்தது கரண்டில் வாசிக்கிற கிட்டார். வயர் கொளுவாமல் தட்டினால் கம்பியின் வறண்ட ஒலி மட்டும்தான் வரும். சுளகில் அரிசி விழுகிற மாதிரி. கொஞ்ச நாள் அப்படியே வாசித்துப் பார்த்தார். அது சரிவரவில்லை. தனக்கே கேட்காததால் கை தானாகவே பலமாக அடிக்கத் தொடங்கிவிடுகிறது, இப்படியே போனால் பழகிய விரலும் கெட்டுப்போகும் என்றார். அம்ப்ளிஃபயர் ஒன்று வேண்டும், ஆனால் சத்தம் அறையைத் தாண்டக் கூடாது. அது கிடைத்தால் அவர் என்னோடு இருப்பார், கிடைக்காவிட்டால் என்றைக்காவது ஒரு நாள் பெட்டியைக் கட்டுவார் என்பது எனக்கு விளங்கியது. அதனால்தான் அவரைவிட நான் அந்தச் சாமானைத் தேடுவதில் மும்முரமாக நின்றேன்.

முதலில் போனது கல்முனையில் ஒலிபெருக்கிச் சாமான் விற்கிற கடைக்கு. எங்கள் ஊர்களில் அம்ப்ளிஃபயர் என்றால் அது ஒரே ஒரு காரியத்துக்குத்தான், பள்ளிவாசலில் பாங்கு சொல்ல. காக்கா வாயைத் திறந்ததும் முதலாளி கேட்டார்: "எந்தப் பள்ளிக்கு?"

"பள்ளிக்கு இல்ல, வீட்டுக்கு."

"வீட்டுல கந்தூரி விருந்தா?"

"இல்ல. சும்மா, எனக்குத்தான்."

முதலாளி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, இரண்டு பேர் தூக்குகிற பெட்டி ஒன்றைக் காட்டினார். "இதுக்கு நாலு ஸ்பீக்கர் கோர்ண் கொளுவலாம். பாங்கு சொன்னா மாளிகைக்காட்டுக்குக் கேக்கும். மருதமுனைக்குப் போன கிழமை இதுதான் குடுத்த."

"அடுத்த அறைக்குக் கேக்காததா ஒண்டு காட்டுங்க" என்றார் காக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, அது பழுதான சாமான். பழுதானத நாங்க விக்கிறல்ல."

வெளியே வந்து பஸ் நிலையம் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நடந்தோம். வாப்பா போன பிறகு காக்காவோடு அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர் உழைக்கப் போய்விட்டார், நான் வளர்ந்துவிட்டேன். சிரிக்க எங்கே நேரம்?

அடுத்த சனிக்கிழமை மட்டக்களப்புக்குப் போனோம். தேவாலயங்களில் பாட்டுக் குழுக்கள் இருப்பதால் அங்கே கிட்டார்க் கடைகள் உண்டு. கடைக்காரர் காக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு, "எல்லாரும் எவ்வளவு தூரம் கேட்கும் எண்டுதான் கேப்பாங்க; எவ்வளவு தூரம் கேட்காது எண்டு கேட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றார். மூன்றைக் காட்டினார். முதலாவது பழைய மாதிரி, உள்ளே வால்வு வைத்தது. காக்கா அதைக் கண்டதும் முகம் மலர்ந்து போனார். அதன் முன்துணியைத் தடவினார், கைபிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். நான் மின்கம்பத்தடிக்குப் போய்ச் சேரவும் அவர் ஒரே ஒரு தட்டுத் தட்டவும் சரியாக இருந்தது. சட்டென்று கையை உயர்த்தினேன். சத்தத்தைக் கூட்டுகிற குமிழ் இரண்டைக்கூடத் தாண்டவில்லையாம். குறைத்துக் குறைத்துப் பார்த்தார். குறைத்தால் ஒலி செத்துப்போகிறது. "இது வாய் திறந்து கதைக்கிற சாதி, இதுக்கு உயிர் வாறதே சத்தத்துலதான்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த ஒரு தட்டு எப்படி இருந்தது என்று இப்போது என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நல்லதா, கெட்டதா, சந்தோசமா, துக்கமா, ஒன்றும் தெரியாது. நான் தூரத்தை மட்டும்தான் அளந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது மலிவானது. குமிழைத் திருப்பினால் ஒன்று வரைக்கும் ஊமை, ஒன்றைத் தாண்டியதும் கத்தல். அதோடு, வாசிக்காத நேரத்திலும் வண்டு மாதிரி இரைந்துகொண்டே இருந்தது. மூன்றாவது ஒரு பாண் ரொட்டி அளவுதான் இருக்கும். காதில் மாட்டுகிற ஹெட்போனை அதில் கொளுவினால் வெளிச்சத்தம் முழுக்க நின்றுவிடும். காக்கா மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். கண்ணாடிக்கு அப்பால் விரல்கள் ஓடுவது தெரிந்தது, தலை மெல்ல ஆடியது, கண்ணை மூடியிருந்தார். நான் கம்பத்தடியில் நின்றேன், பிறகு வாசலுக்கு வந்தேன், பிறகு உள்ளே அவருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றேன். ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட ரீச்சரான எனக்கோ வகுப்பெடுத்து வகுப்பெடுத்து நாலு அறைக்குக் கேட்கிற தொண்டை. "கேக்கல்ல காக்கா! ஒண்டும் கேக்கல்ல!" என்று கடை அதிரக் கத்தினேன். அவர் ஹெட்போனைக் கழற்றி, "உன்ட தொண்டைக்கு இப்பிடி ஒண்டு கொளுவ ஏலுமா எண்டு கேட்டுப் பாரு" என்றார்.

வீட்டுக்கு வந்தும் என் சோதனை ஓயவில்லை. ஹெட்போன் கொளுவியிருந்தாலும் பெட்டியை நிலத்தில் வைத்தால் தரை அதிருமோ என்று போர்வையை எட்டாக மடித்து அதன் மேல் வைத்தோம். அவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் குசினிக்குப் போனேன், கிணற்றடிக்குப் போனேன், படலைக்குப் போனேன், பக்கத்து வீட்டு மதிலில் காதை வைத்துக்கூடப் பார்த்தேன். வந்து, "நிம்மதியா வாசிங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

ஆறு வருடம் காக்கா எங்களோடு இருந்தார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து அறைக்குள் போவார். பொழுது பட்டதும் மஃரிப் பாங்கு சொல்வது அவருக்குக் கேட்காது என்பதால் நான் போய்த் தோளில் தட்டுவேன். உடனே எழும்பி, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்கப் போவார். ஒரு நாள் நான் வளவில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது ஹெட்போனைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். வயர் எட்டாது என்பதால், பற்றரியிலும் வேலை செய்கிற அந்தப் பெட்டியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிட்டாரும் கழுத்துமாக வந்திருந்தார்.

"தங்கச்சி, ஒரு நிமிசம் இதக் கேட்டுப் பாரன்."

"கையெல்லாம் மீன் காக்கா. பொறகு கேக்கிறன்."

"நான் மாட்டி விடுறன், நீ கையால தொடத் தேவல்ல."

"அடுப்புல சோறு கொதிக்கிது. போங்க காக்கா, சின்னப் புள்ள மாதிரி."

"சரி, பொறகு கேப்பம்" என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அவரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் இருக்கிற மனிதர்தானே, எங்கே ஓடிவிடப் போகிறார் என்ற எண்ணம். பாவி நான்.

போன வருடம் நெஞ்சு நோவு என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டாம் நாள் விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிவிட்டார். கடைசி நேரத்தில் அவருடைய கையைத்தான் நான் பிடித்திருந்தேன். இடது கை விரல் நுனிகள் நாலும் கல்லுப் போல் காய்த்திருந்தன. அத்தனை நாள் அவர் எவ்வளவு வாசித்திருக்கிறார் என்பதை நான் அறிந்துகொண்டது அந்தக் காய்ப்பைத் தொட்டுத்தான்.

ஜனாஸா அடக்கம் முடிந்து ஒரு கிழமைக்குள், கட்டாரில் அவரோடு வேலை செய்த மட்டக்களப்புக்காரர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். அந்த ஹோட்டலில் கிட்டார் வாசித்தவர், காக்காவுக்கு அதைப் பழக்கியவரும் அவர்தான். காக்காவைவிட இளையவர். என் வீட்டுக்காரரும் அவரும் முன்னறையில் உட்கார்ந்திருக்க, நான் தேத்தண்ணித் தட்டோடு வந்தேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"கடைசியா என்ன வாசிச்சுக்கொண்டு இருந்தவர் அக்கா? கை முந்திப் போல ஓடினதா?"

நான் வாயைத் திறக்க முதல் என் வீட்டுக்காரர் சொன்னார்: "எங்களுக்குக் கேக்கக் கிடைக்கல்ல தம்பி. மச்சான் கூச்சப்பட்ட ஆள். ஆக்கள் கேட்டா அவருக்குக் கை வராது. காதுல மாட்டிக்கிட்டுத் தனியாத்தான் வாசிப்பார். ஒரு நாளைக்கு அந்த வயரக் கழட்டிட்டு வாசிங்க மச்சான் எண்டு சொல்ல எனக்கும் எத்தனையோ தரம் ஆசை வந்த. அவர்ட விருப்பத்துக்கு மாறா நாம ஏன் சொல்ல எண்டு இருந்திட்டன்."

வந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "கூச்சமா? அவருக்கா? குசினி வேல முடிஞ்சதும் ஓடி வந்து சாப்பாட்டு மண்டபத்தில எங்களோட நிண்டு வாசிப்பார். கடைசி மேசை ஆள் எழும்பிப் போகும் மட்டும் விடமாட்டார். ஆள் இல்லாட்டி அவர் கிட்டாரத் தொடவே மாட்டாரே."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே வந்துவிட்டேன்.

கூச்சம் என்ற அந்தக் கதை என்னுடையது. பெட்டி வாங்கி வந்த புதிதில், மச்சான் ஏன் காதை மூடிக்கொண்டு வாசிக்கிறார் என்று என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். உங்கள் மரைக்கார் பதவிக்காக, இந்த வீட்டைக் கட்டித் தந்த மனிதனை நான்தான் சத்தம் போடாதே என்றேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "ஆக்கள் கேட்டா அவருக்குக் கை வராதாம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இவர் நம்பினார். அதற்கு முன்னாலாவது, காக்கா வாசிக்கலாமா என்று இவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிற மனிதர் வீட்டில் இருக்க, இந்த ஒரு தீர்ப்பை நான் சொன்னேன்.

இவரிடம் இன்றைக்கு வரைக்கும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைக்கிறேன். காக்காவைப் பற்றி யாராவது கதை எடுத்தால் இவர் அன்போடுதான் சொல்வார்: "நல்ல மனிசன், பாவம், சரியான கூச்சக்காரர்." நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.