நெற்றியோரத்து ஊதாக் கோடு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். சண்டைக் காலத்தில், கடைசி மகளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று எங்கள் ஊர் அக்கராயனிலிருந்து கொழும்புக்குக் கொண்டுபோனேன். ஊசிமருந்து எட்டாமல் நோய் மூளையில் ஒளிந்திருக்குமாம். அதற்குக் கதிர் பிடிக்க, கதிர்வீச்சு படவேண்டிய இடம் தெரிய, நெற்றியோரம் ஊதா மையால் கோடு போட்டார்கள். முடி கொட்டியிருந்தாலும் வெள்ளிக்கிழமை முழுக்கை நான் விடுவேனா? அரப்பு வைத்துத் தேய்த்து வார்த்ததில் கோடு போய்விட்டது.

“ஆரம்மா உங்களை அழிக்கச் சொன்னது?” என்று தமிழ் தெரிந்த தாதி ஏசினார்.

“அழிக்கக்கூடாதெண்டு ஆர் எனக்குத் தமிழிலை சொன்னது?” என்றேன்.

திரும்பக் கோடு போட நான்கு நாள் போனது. கொழும்பில் தங்க வவுனியாவில் ஆமி தந்த அனுமதிப் பாஸ் முடிந்து, கடைசி இரண்டு நாள் கதிர் பிடிக்காமலே திரும்பினோம். அடுத்த வருஷம் நோய் திரும்பி வந்து அவள் போய்விட்டாள். அந்த இரண்டு நாள் குறைந்ததாலா என்று கண்ட டொக்டர்மாரிடமெல்லாம் கேட்டேன்.

பேத்தி, இவ்வளவும் எழுதினனியோ? ஒருக்கா வாசி பாப்பம்.