டீச்சரின் டைமிங் பெல்ட்

போன வாரம் தெப்ராவில் ஒரு பேரங்காடியின் கார் நிறுத்தத்தில் நடந்துகொண்டிருந்தபோது தித்திப்பான ஒரு வாசம் வந்தது. கூலண்ட். எஞ்சின் கொதிக்காமல் காக்கிற தண்ணீர். பாதி காய்ந்த சர்க்கரைப் பாகு மாதிரி மணக்கும். குனிந்து பார்த்தால் பக்கத்தில் நின்ற காடியின் அடியில் இளஞ்சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. காடிக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்க எந்த ஒர்க்‌ஷாப்?” என்றார். சிரித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். எனக்கு வேண்டியதுதான்.

நான் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது பல வருடங்களுக்கு முன்பு. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பெக்கோக்கிலிருந்து ஜோகூர் பாருவுக்கு வந்து, குணா அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் முன்மேசைக்குச் சேர்ந்தேன். எனக்கு இருந்த ஒரே தகுதி குரல். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், “வாசலை மறைச்சு நிக்கற சிவப்பு மோட்டாரை உடனே எடுக்கவும்” என்று மைக்கில் கெஞ்சிய குரல் அது. சிங்கப்பூரில் சில வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர் குணா அண்ணன். கையோடு ஒரு யோசனையும் கொண்டுவந்திருந்தார்.

“உடைஞ்சு வர்ற காடிய நம்பி உக்காந்திருந்தா ஈ ஓட்ட வேண்டியதுதான் லா. உடையறதுக்கு முன்னயே நாம கூப்பிடணும்.”

கூப்பிடுவது என் வேலை. ஒவ்வொரு காடியும் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, அடுத்து எதை மாற்ற வேண்டும் என்று ஒரு தடித்த நோட்டில் குறித்துவைத்துப் போன் செய்வேன். நேரில் வருகிறவர்களுக்குப் பழைய பிரேக் எண்ணெயை ஒரு பாட்டிலிலும் புதியதை இன்னொன்றிலும் ஊற்றிப் பக்கத்தில் வைப்பேன். கறுப்பைப் பார்த்ததும் முகம் மாறும். அதற்குமேல் நான் பேசவே வேண்டாம். அந்த முகம் மாறுகிற நொடி எனக்குப் பிடித்துப்போயிற்று, அதுதான் கெட்டது. தேவையானதோடு தேவையில்லாததையும் கொஞ்சம் சேர்த்து விற்றேன்.

அப்படி விற்றவர்களில் ஒருவர் பரமேஸ்வரி டீச்சர். வீடு தெப்ராவில், வேலை பண்டார் தெங்காராவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில். தினமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடுகளுக்கு நடுவே போய் வருகிறவர். அவருடைய பழைய காடியின் எஞ்சினைக் கழுவ வேண்டும் என்று சொல்லி ஒரு மருந்தை ஊற்றவைத்தேன். அடுத்த முறை வந்தபோது கேட்டார்: “ஏம்மா, அது என் காடிக்கு வேணவே வேணாமாமே? மவன் சொன்னான்.”

குரலில் கோபமே இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார். நான் என்னவோ உளறினேன்.

சில மாதம் கழித்து அவர் காடிக்கு டைமிங் பெல்ட் மாற்றும் நேரம் வந்தது. போன் செய்தேன்.

“இது நெஜமாவே வேணுமாம்மா?” என்றார்.

‘அறுந்தா நடுரோட்டுல நின்னுடும் டீச்சர்.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. எத்தனையோ பேருக்குச் சொன்னதுதான். அன்றைக்கு வரவில்லை. அந்த மருந்தை விற்ற வெட்கம் தடுத்துவிட்டது.

“அவசரம் இல்ல டீச்சர். பள்ளி லீவு வரட்டும், பாத்துக்கலாம்” என்றேன். நோட்டில், ‘பேசியாச்சு. தள்ளிப்போட்டார்’ என்று எழுதினேன். போனை வைத்தபோது நல்லவளாகிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

லீவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மழை பெய்த ஒரு காலையில், செம்பனைகளுக்கு நடுவே அந்த பெல்ட் அறுந்தது. காடி நின்றது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரி நிற்கவில்லை.

நசுங்கிய காடியை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் இழுத்து வந்தார்கள். குணா அண்ணன் மூடியைக் கழற்றி, நார்நாராகக் கிடந்த பெல்ட்டைப் பார்த்தார். பிறகு என் நோட்டைப் புரட்டினார். “நல்லவேளை, நீ சொல்லியிருக்க” என்றார்.

மூன்றாம் நாள் ஆரஞ்சுப் பழங்களோடு மருத்துவமனைக்குப் போனேன். டீச்சரின் இடுப்பிலும் வலது கையிலும் கட்டு. பக்கத்தில் நின்ற மகன் என்னைப் பார்த்ததும் வெடித்தார். “காடிய ஒழுங்காப் பாக்க மாட்டீங்களா நீங்க?”

“அவள ஏண்டா ஏசற?” என்றார் டீச்சர். “அவ போன் பண்ணிச் சொன்னா. நாந்தான் தள்ளிப்போட்டேன்.”

வாயைத் திறந்தேன். “ஆமா டீச்சர்” என்றுதான் வந்தது.

அவர் இடது கையால் ஒரு ஆரஞ்சை எடுத்து என்னிடமே நீட்டி, “சாப்பிடும்மா, வெயில்ல வந்திருக்க” என்றார். அவருக்கு மறந்துபோயிருந்ததா, மகன் முன்னால் என்னைக் காப்பாற்றினாரா, எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சம். “யாராச்சும் யோசிச்சா டீச்சர் கதயச் சொல்லு” என்றார் குணா அண்ணன். சொன்னேன். ‘ஒரு டீச்சர், நாங்க போன் பண்ணிச் சொன்னோம், கேக்கல...’ கேட்டவர்கள் யாரும் மறுக்கவில்லை. சனிக்கிழமைகளில் வெளியே ரோடு வரை காடிகள் நின்றன. புதிதாக ஒரு மெக்கானிக்கைச் சேர்த்தோம். சொல்லச் சொல்லக் கதையும் வளர்ந்தது. கடைசியில் நான் டீச்சரிடம் கெஞ்சியதாகக்கூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் போனில் ஒரு அம்மாள், “பாவம், நீ சொன்னதக் கேட்டிருக்கலாம்” என்று பெருமூச்சு விட்டார். நான் போனை வைத்துவிட்டேன். அந்த மாதக் கடைசியில் கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

டீச்சரிடம் உண்மையைச் சொல்ல இரண்டு முறை அவர் தெரு வரைக்கும் போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை போவதற்குள் சில வருடம் ஓடிவிட்டது. கதவைத் திறந்தது வேறொரு பெண்.

“டீச்சரா? வேலய விட்டுட்டு மவனோட கோலாலம்பூர் போனாங்க. போன வருசம் தவறிட்டாங்களே, தெரியாதா?” என்றார். “ஏதாச்சும் சொல்லணுமா?”

“ஒன்னும் இல்லக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

குணா அண்ணனின் கடை இப்போது இல்லை. அவர் எங்கே போனார் என்றும் தெரியவில்லை. டீச்சர் இருந்த வீட்டு வரிசையையும் சாலையை அகலப்படுத்த இடித்துவிட்டார்கள். அந்த வழியாக வேலைக்குப் போகும்போது, அவருடைய வாசல் இந்த இடமா, அந்த விளக்குக் கம்பம் நிற்கிற இடமா என்று பார்த்துக்கொண்டே மெதுவாகப் போவேன். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள்.