அத்தான் வாசித்த கதை

என் அத்தானைப் பற்றி யாராவது நல்லவிதமாகப் பேசினால் இன்றும் எனக்கு நெஞ்சு எரியும். "நல்ல மனுஷன், என்ன பொறுமையா ஒக்காந்து எல்லாருக்கும் கதை வாசிச்சாரு" என்பார்கள். வாசித்தார்தான். என் கோபமே அதில்தான் இருக்கிறது. நடந்ததைக் கேட்டுவிட்டு, அவர் நல்லவரா இல்லையா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். எனக்கு அதில் சந்தேகம் எதுவும் இல்லை.

அவர் என் அப்பாவின் அக்கா மகன். வடசேரியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். நாங்கள் இருந்தது தக்கலையையும் தாண்டி, வயலும் தென்னையுமான ஒரு ஊர். அப்போது எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. மதராஸில் அச்சாகிற புத்தகம் ரயிலில் திருநெல்வேலிக்கு வந்து, அங்கிருந்து பஸ் கூரையில் ஏறி, ஆரல்வாய்மொழி வழியாக வடசேரி வந்து சேரும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கட்டுப் பிரிக்கும்போதே அத்தான் ஒன்றை வாங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவார்.

அந்தக் கதை மாதம் ஒரு பாகமாக ஏழு பாகம் வரும் என்று முதல் புத்தகத்திலேயே போட்டிருந்தது. ஒரு மந்திரவாதி ஒரு நாட்டின் ஆற்றைப் பாய் போலச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலையேறிப் போய்விடுகிறான். ஓடம் ஓட்ட ஆறு இல்லாமல் போன ஓடக்காரனின் மகள், துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைத் தேடிப் புறப்படுகிறாள். நானும் வருகிறேன் என்று அந்நாட்டு இளவரசனும் கூடக் கிளம்புகிறான். இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தி மட்டும், "பேச்சிப்பாறை அணைத் தண்ணியையும் ஒருத்தன் இப்பிடித்தான் சுருட்டி வச்சிருக்கான் போல. நம்ம கால்வாய்க்கு இன்னும் வந்து சேரல்ல" என்றாள்.

நானே ஏன் வாசிக்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வீட்டில் பேசியது தமிழ், சண்டை போட்டது தமிழ். ஆனால் நடந்து போகிற தூரத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். மலையாளத்தில்தான் படித்தேன், வகுப்பில் முதலாகவும் வந்தேன். கேட்பது ஒரு பாஷை, படிப்பது வேறு பாஷை என்று ஒரு குழந்தையை வளர்த்தார்களே, அவர்களை என்ன சொல்வது? அந்தப் படிப்பும் நான் பெரியவளானதோடு நின்றது. அதன்பிறகு பின்கட்டு, கிணற்றடி, தொழுவம், இவ்வளவுதான் என் உலகம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக மற்ற நாட்களைத் தள்ளினேன்.

தமிழ் வழங்கும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்த சமயம் அது. அத்தான் அந்தக் கூட்டங்களில் பேசுவார். நம் பிள்ளைகள் தாய்மொழியை எழுதப் படிக்கத் தெரியாமல் போகிறார்களே என்று தொண்டை கட்டும்வரை பேசிவிட்டு, அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு வருவார்.

"அத்தான், எனக்குக் கொஞ்சம் தமிழ் எழுத்து சொல்லித் தாங்க," என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஒனக்கு எதுக்கு? நாந்தான் வாசிக்கேன்லா," என்றார்.

இந்தப் பதிலுக்காகவே அவரை மன்னிக்க மாட்டேன். ஆனால் அன்று எனக்கு அது இனித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் பாகத்தின் முடிவில், திறக்கக் கூடாது என்று சொன்ன கதவை ஓடக்காரன் மகள் திறந்து கல்லாகிப் போனாள். அப்படித்தான் அத்தான் வாசித்தார். இளவரசன் அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, ஆற்றை மீட்டுவந்து உன்னை எழுப்புவேன் என்று சத்தியம் செய்து தனியாகப் போனான். என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. புத்தகத்தின் பின்னட்டையில் அடுத்த பாகத்துக்கான படம் இருந்தது. அதில் ஒரு கல். கல்லின் தலையில் கிரீடம்.

"அத்தான், இந்தக் கல்லு கிரீடம் வச்சிருக்கே?"

"இளவரசன் போகும்போது அவளுக்குப் போட்டுவிட்டுட்டுப் போயிட்டான்."

"என்ன ஒரு பாசம்," என்றாள் பக்கத்து வீட்டுச் சித்தி.

"அப்போ துடுப்பை எடுத்துக்கிட்டு நடந்து போறது ஆரு? சடை தொங்குதே."

"அந்தக் காலத்து இளவரசனுக்கெல்லாம் நீள முடிதான். படம் போடுகவனுக்கு முழுசாக் கதை தெரியாது, மக்கா. நீ படத்தைப் பாத்துக் குழம்பாத."

நான் குழம்புவதை நிறுத்தினேன். அடுத்தடுத்த பாகங்கள் வரும், ஒவ்வொன்றிலும் அவள் கல்லாகவே நிற்பாள், அவன் காடும் குகையும் தாண்டிப் போய்க்கொண்டிருப்பான். தவிட்டைக் கலக்கி மாட்டுக்கு வைக்கும்போதும், முற்றத்தில் நெல் காயப்போடும்போதும், அவன் வந்து தொட்டால் அவள் எழுந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்படியே கல்லாக இருக்க நானும் பழகினேன். யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவேன். இப்போது நினைத்தாலும் என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

ஆறாம் பாகம் வந்தபோது எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தார்கள். அத்தை, அதாவது அத்தானின் அம்மா, என் அம்மாவிடம் சொன்னாள்: "அவன் வாசிச்சா இவ கண்ணு மூடாம கேக்கா. இதவிட என்ன பொருத்தம் பாக்கணும்?" தை மாதம் வைத்துக்கொள்ளலாம், அதற்குள் கதையும் முடிந்துவிடும் என்று சிரித்தார்கள். நிச்சயத்துக்கு வந்த அத்தான், அதுவரை வந்த ஆறு பாகங்களையும் ஒரு துணியில் கட்டி என்னிடம் கொடுத்தார். அதற்கு முன்பெல்லாம் புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

"வச்சுக்கோ. கடைசிப் பாகம் வாறது வரைக்கும் படம் பாத்துக்கிட்டிரு," என்றார்.

படம் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் வாசிக்கும்போது நானும் ஒரு பக்கமாவது வாசித்துக் காட்ட வேண்டும், அவர் அசந்துபோக வேண்டும் என்று ஆசை. கதைதான் எனக்கு மனப்பாடம் ஆயிற்றே. முதல் பாகத்தைத் திறந்து, அவர் எப்படித் தொடங்கினார் என்று நினைவுபடுத்தி, சொல் சொல்லாக விரலை வைத்துக்கொண்டு போனேன். தமிழ் எழுத்திலும் மலையாள எழுத்திலும் பலவும் அக்கா தங்கை ஜாடைதான். தெரியாத எழுத்தைத் தெரிந்த சொல் காட்டிக்கொடுத்தது. மாவாட்டி முடித்த மத்தியானங்களில் தொழுவத்துத் திண்டில் உட்கார்ந்து முதல் பாகத்தை முடித்தேன். இரண்டாவது அதைவிட வேகமாக ஓடியது. அந்த நாட்களில் எனக்கு இருந்த சந்தோஷத்தை வேறு எப்போதும் நான் அனுபவித்ததில்லை.

மூன்றாம் பாகத்தின் கடைசியில் எழுத்து தடுக்கியது. ஓடக்காரன் மகள் கதவைத் திறந்தாள் என்று வர வேண்டிய இடத்தில் வேறு என்னவோ இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். "இ" என்று தொடங்கியது. இளவரசன் என்றுதான் வாசிக்க வந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்குத் தமிழ் வரவில்லை என்று நினைத்தேன். இத்தனை நாள் படித்ததெல்லாம் கிளிப்பிள்ளைப் பாடம், தெரியாத இடம் வந்ததும் குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்து அழுதேன். புத்தகங்களைத் துணியில் கட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். சில நாள் அதைத் தொடவே இல்லை.

பிறகு ஒரு நாள் அரிசி எடுக்கப் போனபோது துணி நெகிழ்ந்து அந்தக் கிரீடம் வைத்த கல் கண்ணில் பட்டது. அங்கேயே உட்கார்ந்து, மனதில் இருந்த கதையை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, எழுத்து என்ன சொல்கிறதோ அதை மட்டும் வாசித்தேன். கதவைத் திறந்தவன் இளவரசன். கல்லானவன் இளவரசன். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, துடுப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறிப் போனாள். நாலாம் பாகம், ஐந்தாம் பாகம், ஆறாம் பாகம் எல்லாவற்றிலும் அவள் போய்க்கொண்டே இருந்தாள். ராட்சசப் பல்லியை ஏமாற்றியது அவள். நெருப்புக் குகையைத் தாண்டியது அவள். ஆறாம் பாகத்தின் முடிவில் சுருட்டிய ஆற்றின் ஒரு நுனியை அவள் பிடித்திருந்தாள், மறு நுனி மந்திரவாதி கையில் இருந்தது. படம் போட்டவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

அவர் ஏமாற்றியது ஒரு பக்கம். எனக்குத்தான் எழுத்து வரவில்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டு அழுதேனே, அதற்கு யார் பதில் சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாகத்தோடு அத்தான் வந்தார். அத்தை, அம்மா, பக்கத்து வீட்டுச் சித்தி, இன்னும் தெருவில் இருந்த பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். திண்ணையில் பாதிப் பேர், வாசற்படியில் பாதிப் பேர். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இளவரசன் வாளை ஓங்கினான்" என்று தொடங்கினார்.

நான் எழுந்து போய் அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினேன். பிடுங்கினேன் என்பதுதான் சரி. முதல் வரியை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். "ஓடக்காரன் மகள் துடுப்பை ஓங்கினாள்."

"ஒனக்கு மலையாளம்லா தெரியும்," என்று அவர் சிரித்தார்.

நான் அடுத்த வரியை வாசித்தேன். அதற்கடுத்த வரியையும் வாசித்தேன். அவர் சிரிப்பு நின்றது. இத்தனை மாதமாக என்ன நடந்தது என்பதையும், கல்லாக நிற்பது யார் என்பதையும் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

அவர் கொஞ்சமாவது கூனிக் குறுகியிருந்தால் என் கோபம் பாதியாவது அடங்கியிருக்கும். "கேக்கவங்களுக்குத் தகுந்த மாதிரி மாத்துனேன்," என்றார், பெரிய உபகாரம் செய்தவரைப் போல. "உள்ளபடி வாசிச்சிருந்தா நீங்க எல்லாரும் எழும்பிப் போயிருப்பீங்க. கூட வந்தவனக் கல்லா விட்டுட்டு ஒருத்தி போயிட்டே இருக்கா. அது ஒரு கதையா?"

"அவன் சொல்லுகது சரிதான்," என்றாள் சித்தி. "இவ தட்டித் தட்டி வாசிக்கா, கேக்க முடியல்ல. அவனே வாசிக்கட்டும்."

"ஏட்டி, புஸ்தகத்த அவன்கிட்ட குடு," என்றாள் அத்தை.

நான் கொடுக்கவில்லை. "இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்," என்றேன்.

"ஒரு கதைக்காகவா?" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஆமாம், ஒரு கதைக்காகத்தான். ஒரு கதையையே எனக்கு உள்ளபடி சொல்லாதவர், ஊரில் நடப்பதையும் கையில் வருகிற காசையுமா உள்ளபடி சொல்லப்போகிறார்? இப்படித் தெளிவாக அன்று சொல்ல வரவில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டு நின்றேன். அத்தான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். போகும்போது அத்தை என் அம்மாவிடம், "பிள்ளைக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு, தை மாசம் அடுத்துட்டு" என்றாள்.

அம்மா எனக்குப் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு புளி கொட்டை எடுக்க உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழும் வாசிக்கத் தெரியாது, மலையாளமும் தெரியாது. வெயில் இறங்கி முற்றத்தைத் தாண்டும்வரை புளியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்போ கல்லா நின்னது அவ இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"இத்தன மாசமும் அவ நடந்துக்கிட்டா இருந்தா?"

"நடந்துக்கிட்டுதான் இருந்தா."

"நான் அவளுக்காக என்ன அழுகை அழுதேன்." புளியை ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள். "பாவிப்பய, என்னையில்லா இருத்தி அழ வச்சிருக்கான்."

இன்னொரு புளியை எடுத்துக்கொண்டு, "அந்தக் கல்லானவன் கடைசியில என்ன ஆனான்?" என்றாள்.

நான் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். "கல்லாத்தான் இருக்கான். ஆறு திரும்பி வந்த பொறவு, அவ ஓடத்த அந்தக் கல்லுலதான் கட்டுகா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "அத்தைகிட்ட நாளைக்கு நான் போயி சொல்லிக்கிடுதேன்," என்றாள். "நீ மூணாம் பாகத்துலேருந்து வாசி. தட்டித் தட்டி வந்தாலும் சரி."