கிரேன்காரரின் கடைவாய்ப்பல்

காலையில் ரொட்டியைக் கடித்தபோது, கிரேன்காரரின் கடைவாய்ப்பல்லில் ஒரு துண்டு உடைந்து உள்ளங்கையில் விழுந்தது.

"ஒரு மாசமா தூக்கத்துல நறநறன்னு பல்லைக் கடிக்கிறீங்க. சொன்னா கேட்டாத்தானே?" என்று கையோடு பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள் மனைவி.

டாக்டரம்மா அவர் தாடையை அழுத்திப் பார்த்தார். கல்லாய் இறுகியிருந்தது. "பல்லெல்லாம் தேஞ்சு தட்டையாயிடுச்சு. ஒரு நாளைக்குக் காபி எத்தனை?"

"ஏழெட்டு."

"குறைங்க, காபி பல் கடிக்கிறதை அதிகமாக்கும். சாயங்காலத்துக்கு மேல தொடவே கூடாது. படுக்கும்போது மாட்டிக்க உறை செஞ்சு தரேன். பல்லு தேயாம அது காப்பாத்தும், கடிக்கிறதை நிறுத்தாது. மனசுல எதையாவது போட்டுக் குழப்பிக்கிறீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

இருந்தது. போன மாதம் கட்டட வேலையில், பிரேக் போட்ட பிறகும் கிரேனில் தொங்கிய கம்பிக்கட்டு ஒரு முழம் சறுக்கி இறங்கியது. கீழே ஆறு பேர் நின்றிருந்தார்கள். மேற்பார்வையாளரிடம் சொன்னதற்கு, "ஒரு முழம்தானே? வாயை மூடிக்கிட்டு ஓட்டுங்க" என்றார். இவரும் மூடிக்கொண்டார், மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

மறுநாள் கான்கிரீட் பலகையைக் கொக்கியில் மாட்டினார்கள். நாக்கு உடைந்த பல்லில் உரச, ஆளுயரம் மட்டும் தூக்கி, ஆட்களை விலகச் சொல்லி, பிரேக்கைப் பிடித்தார். நிற்கவில்லை. பலகை மெல்ல மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தது. இயந்திரத்தை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கினார்.

மேற்பார்வையாளர் ஓடிவந்தார். "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? வேற ஆளைப் போடட்டுமா?"

"போடுங்க சார். மெக்கானிக் பிரேக்கைப் பாக்காம சாவி தரமாட்டேன்."

கம்பி கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் பின்னால் நின்றார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்த மெக்கானிக் பிரேக்கைக் கழற்றினார். பிடிப்புப் பட்டை தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது. "இதை வச்சா இத்தனை நாளா தூக்கினீங்க?" என்றார். மேற்பார்வையாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

வேலை இரண்டு நாள் நின்றது. பிரேக்கைக் கழற்றிய அன்று மாலைதான் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் வெகுநேரம் அவர் கையை விடவேயில்லை.

உறை வந்தது. குதிரைக்குக் கடிவாளம் போட்ட மாதிரி இருக்கிறது என்று முனகிக்கொண்டே மாட்டிக்கொண்டார். காபி மூன்றானது. ஒரு வாரம் கழித்து மனைவி சொன்னாள்: "இப்பவும் கடிக்கிறீங்க. ஆனா முன்ன மாதிரி என்னை எழுப்புறதில்லை."