கொம்பு வைத்த யன்னல்

கிளேட்டன் புறநகரில் இருந்த வாடகை வீட்டில் பதினோரு வருடம் நான் கராஜில்தான் சமைத்தேன். மகள் முதலாம் வகுப்பில் இருந்தபோது பக்கத்தில் இருந்த பிள்ளை, கறி வாசம் என்று அவளைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டதாம். அன்று மாலையே கணவர் கராஜில் காஸ் அடுப்பைப் பொருத்திவிட்டார். குளிர்காலத்தில் கோட்டும் தொப்பியுமாக நின்று மீன் பொரித்தேன். அப்படியிருந்தும் மகள் ஒவ்வொரு காலையும் பள்ளிக்கூடக் கோட்டை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள்.

பிறகு நகரத்துக்குக் கிட்ட ஒரு பழைய மரவீடு வாங்கினோம். நூறு வயது தாண்டியது. உயரமான முகடு, நீளமான நடை, எல்லாம் இருந்தன. கராஜ் மட்டும் இல்லை. கட்டியவர்களிடம் கார் இருந்தால்தானே? கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

யன்னல்களில் பாதி உக்கிப்போயிருந்தன. மேலே ஒரு கண்ணாடிச் சட்டம், கீழே ஒரு கண்ணாடிச் சட்டம். பக்கத்துப் பெட்டிக்குள் கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டுகள் ஏறி இறங்க, இரண்டும் மேலும் கீழும் ஓடும். தெருப்பக்கத் தோற்றம் மாறக்கூடாது என்று கவுன்சில் சொல்லிவிட்டது. பின்பக்கத்தில், சமைக்கும் குசினிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அட்டவணை போடாமல் ஒரு கரண்டிகூட வாங்காத என் கணவர், முன்பக்கத்துக்குச் சின்னச் சின்னக் கட்டமாக மரப்பட்டி ஒட்டிய கண்ணாடியையும், குசினிக்குத் திறக்கவே முடியாத ஒரு பெரிய கண்ணாடியையும் தெரிந்தெடுத்தார்.

அளவெடுக்க வந்த வெள்ளைக்காரத் தச்சர் அட்டவணையைப் பார்த்துச் சிரித்தார். இந்த வயது வீட்டுக்குக் கட்டம் பொருந்தாது, சட்டத்துக்கு ஒரே கண்ணாடிதான் என்றார். மேல் சட்டத்தின் இரு மூலையிலும் வளைந்து இறங்கிய சின்ன மரக்கொம்புகளைத் தடவிக் காட்டினார். குசினிக்கும் அதையே போடச் சொன்னார். மேல் சட்டத்தை இறக்கினால் சூடு வெளியே போகும், கீழ்ச் சட்டத்தை ஏற்றினால் குளிர்காற்று உள்ளே வரும், அவ்வளவுதான் என்றார்.

"இதெல்லாம் கதை," என்றார் கணவர், தச்சர் போன பிறகு.

"அப்ப பொரிச்சுப் பாப்பம்," என்றேன்.

வீட்டில் ஒழுங்காக ஓடிய ஒரே யன்னல் முன்னறையில் இருந்தது. மின்னடுப்பை அங்கே கொண்டுபோய் வைத்தேன். மேல் சட்டத்தை ஒரு சாண் இறக்கி, கீழ்ச் சட்டத்தை ஒரு சாண் ஏற்றி, ஒரு பிடி காய்ந்த செத்தல் மிளகாயை எண்ணெயில் போட்டேன். தெருவில் காவல் நின்ற கணவர் இருமிய இருமலில் எனக்கு வெற்றி தெரிந்துவிட்டது. சந்தோஷமாக அடுப்பை அணைத்துத் திரும்பினேன். கதவுக்குப் பின்னால் மகளின் கோட் தொங்கிக்கொண்டிருந்தது.

கராஜ் காலத்தில் சட்டிக்கு எண்ணெய் விடுமுன் கோட்டுகளை அலுமாரிக்குள் பூட்டுவது என் கைப்பழக்கம். புதுவீட்டு உற்சாகத்தில் அதை மறந்துபோனேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார் கணவர், கண்ணைத் துடைத்தபடி. நான் கோட்டை மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். அவரும் மணந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எங்கள் மூக்கை நம்ப முடியுமா? மத்தியானம் அந்தத் தச்சர் அளவைச் சரிபார்க்க மறுபடி வந்தபோது, வெட்கத்தைவிட்டு அவரிடமே கோட்டை நீட்டினேன். கேள்வி ஒன்றும் கேட்காமல் கைகளைத் துடைத்து, வாங்கி, நிதானமாக மணந்தார்.

"நாய் வாசம்," என்றார். "உங்களிடம் நாய் இருக்கிறதா?"

பக்கத்து வீட்டு நாயை மகள் கொஞ்சுவாள். அந்த நாய்க்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன். குசினிக்கும் கொம்பு வைத்த யன்னலே வந்தது.

யன்னலைப் பொருத்திய மறுநாள் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். யன்னல் மேலும் கீழும் திறந்திருந்தது. பள்ளியால் வந்த மகள், நான் வாயைத் திறக்குமுன் கோட்டைக் கழற்றி அடுப்பங்கரைக் கதிரையின் முதுகில் போட்டாள்.

"பிள்ளை, கோட்டை அறைக்குள்ள வை."

"இட்ஸ் ஓகே அம்மா," என்று ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டாள். பிறகு அந்தக் கதிரையிலேயே இருந்து, கராஜில் நின்ற காலமெல்லாம் நான் கேட்டிராத பள்ளிக்கூடக் கதைகளைச் சொன்னாள்.

அடுத்த நாள் காலை கோட்டை எடுத்தவள், மூக்குக்குக் கொண்டுபோகாமலே போட்டுக்கொண்டு போனாள்.