பாடமாக்கிய சாட்சி

சர்வதேச விசாரணை என்றால் அகதி இன்டர்வியூவின் தமையன் என்றுதான் நான் நம்பியிருந்தேன். மேசை கொஞ்சம் நீளமாக இருக்கும், மற்றபடி வேலை ஒன்றுதான்: நாங்கள் சொல்வதில் எங்கே பொய் என்று பிடிப்பது. பிடித்தால் ஊருக்குத் திருப்பியனுப்ப விமானம்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்து நான் கொடுத்த இன்டர்வியூவில், கைதான மாதம் ஆடி என்பதற்குப் பதிலாக ஆவணி என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு மாதம் என்னை நாலு வருடம் இழுத்தது. அதன் பிறகு நாங்கள் குடியிருக்கிற செவன் கிங்ஸில் யாருக்கு இன்டர்வியூ வந்தாலும் நான்தான் இலவச டியூஷன் மாஸ்டர். கேள்வி, பதில், திகதி, எல்லாம் தடக்காமல் வரவேண்டும். என்னிடம் படித்துப் பெயிலானவர்களைப் பற்றி நான் பேசுவதில்லை.

என் மனைவி போருக்குப் பிறகு கலியாணம் கட்டி வந்தவள், அகதி இன்டர்வியூவைக் கண்டதில்லை. போரின் கடைசி நாட்களில் அவளுடைய தம்பி இராணுவத்திடம் சரணடைந்து பஸ் ஏறினான். அந்தப் பஸ் இன்னும் எங்கும் போய்ச் சேரவில்லை. அப்படி ஒருவர் எங்களிடம் வரவேயில்லை என்பதுதான் கேட்ட இடமெல்லாம் கிடைத்த பதில். அவனைக் கையளித்ததைத் தான் கண்ணால் கண்டதாக ஒரு பைலிலாவது இருக்கவேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. போர்க்குற்றங்களுக்கு ஆதாரம் சேர்த்துவைத்து, பின்னொரு நாள் ஏதாவது நீதிமன்றம் வழக்கெடுத்தால் கொடுக்கிற குழு ஒன்றுக்கு எனக்குச் சொல்லாமலே எழுதிப்போட்டிருக்கிறாள். வரச்சொல்லிப் பதில் வந்தபோதுதான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கே ஒரு கொப்பி வாங்கினேன். அதில் நாற்பது கேள்விகள் எழுதினேன். அவள் வெங்காயம் வெட்டும்போது நான் விசாரணை அதிகாரி.

"பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது?"

"தெரியாது."

"தெரியாது எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும். பத்தரை எண்டு சொல்லும்."

"என்னட்டை மணிக்கூடே இருக்கேல்லையப்பா."

"அது அவைக்குத் தெரியுமே?"

அவள் கத்தியை வைத்தாள். பிறகு பத்தரையைப் பாடமாக்கினாள்.

சந்திப்பு ஸ்ட்ரெதமில் ஒரு வாடகை அறையில். எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்று அவள்தான் கேட்டிருந்தாள். செவன் கிங்ஸில் ஒருவர் தும்மினால், இஞ்சித் தேத்தண்ணி குடிக்கச் சொல்லி நகரத்தின் மறுகோடியிலுள்ள சட்டனிலிருந்து போன் வரும். இதை எழுதுவதற்கும் பெயர்களை விட்டுவிடுகிற நிபந்தனையில்தான் அனுமதி தந்தாள்.

வெறுங்கையோடு போவது எங்களுக்கு வராது. இருபது மட்டன் ரோல்ஸ் கொண்டுபோனேன். விசாரணை செய்ய வந்த வெள்ளைக்காரப் பெண்மணி நன்றி சொல்லி, சாட்சியிடம் எதுவும் வாங்கக்கூடாது என்று விலக்கிவிட்டார். மொழிபெயர்க்க வந்த தமிழ்ப் பெண் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் தொடவில்லை. கொடுத்ததைச் சாப்பிடாத விருந்தாளியை எங்கள் வீட்டில் நம்புவதில்லை. எனக்கு வியர்க்கத் தொடங்கியது.

அதிகாரி ஆறுதலாக விதிகளைச் சொன்னார். கண்டது வேறு, கேள்விப்பட்டது வேறு. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், அதில் ஒரு குறையும் இல்லை. கடைசியாக, என்ன சொல்லவேண்டும் என்று யாராவது சொல்லித்தந்தார்களா என்று கேட்டார். நான் கூரையை ஆராய்ந்தேன்.

"ஓம்," என்றாள் என் தர்மபத்தினி. "இவர்தான் பாடமாக்கித் தந்தவர். கொப்பி இவரின்ரை பையுக்குள்ளை கிடக்கு."

கைவிலங்கு, பொலிஸ் வான், விமானம் எல்லாம் என் மனக்கண்ணில் வரிசையாக வந்துபோயின. விமானத்துக்குள் ரோல்ஸ் கொண்டுபோக விடுவார்களா என்றுகூட யோசித்தேன். கொப்பியை எடுத்து நீட்டினேன். அவர் கோபிக்கவில்லை. அவள் சொன்னதை எழுதிக்கொண்டு, கொப்பியை ஒரு உறையில் போட்டு, மேலே இலக்கம் இட்டார். இருபது ரோல்ஸை மறுத்தவர் அதை மட்டும் வாங்கிக்கொண்டார். பிறகு என்னை வெளியே இருக்கச் சொன்னார்.

அறைக்கு வெளியே நடையில் குந்தியிருந்து ஏழு ரோல்ஸ் தின்றேன். பயத்தில் எனக்குப் பசிக்கும்.

பின்னேரம்தான் அவள் வெளியே வந்தாள். முகம் களைத்திருந்தது, ஆனால் நடை இலேசாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் நான் கேட்காமலே சொன்னாள்.

"பத்தரையைச் சொல்லேல்லை. நேரம் தெரியாது எண்டன், அப்பிடியே எழுதினவ."

"சரி."

"பஸ்ஸிலை ஏத்தமுதல் ஒரு ஆமிக்காரன் தம்பியின்ரை பேரை நீலக் கொப்பியிலை பதிஞ்சவன். அவனுக்கு விளங்கேல்லை எண்டு நான்தான் ரெண்டுதரம் சொல்லிக் குடுத்தனான். அந்த மனிசி அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவ. எழுதினதைக் கண்டனீங்களோ, எந்தப் பக்கம் நிண்டனீங்கள் எண்டு."

"இதை ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் நேரத்தைத்தானே கேட்டனீங்கள்."

மிச்சமிருந்த பெட்டியைத் திறந்து ஒரு ரோல்ஸை எடுத்து எனக்குப் பாதி தந்தாள். எட்டாவது என்று நான் சொல்லவில்லை.

இன்றுவரை எந்த நீதிமன்றமும் அவளை அழைக்கவில்லை. அழைக்காமலே போகவும் கூடும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக்காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கினார்கள். அதில் தம்பியின் பெயர் முழுதாக இருக்கிறது. பஸ் வெளிக்கிட்ட நேரம் இல்லை.